மேலே பூக்கும் காடு: இளவேனில் பூக்களுக்கு எந்த லென்ஸ்?

மாசி பிறந்து அடிவாரக் காடுகள் இலை உதிர்த்ததும் ஒரே கேள்வியோடு பலர் வருகிறார்கள். "காட்டுப்பூக்களைப் படமெடுக்க ஆசை. பூவை மிக நெருங்கி எடுக்கும் மேக்ரோ லென்ஸ் வாங்கிவிடலாமா, செல்போனே போதுமா?" கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் பக்கத்துக்காரர்கள். வாரத்தில் ஒரு ஞாயிறுதான் அவர்கள் கையில் இருக்கும். சிலர் சீட்டுப் பணம் எடுத்து லென்ஸுக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அந்தப் பணம் வீணாகிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நானும் மேக்ரோ லென்ஸ் வாங்கிய கையோடு பங்குனி முதல் வாரத்தில் பர்கூர் மலைக்குப் போனேன். அந்தியூரிலிருந்து ஏறும் சாலை. தாமரைக்கரைப் பக்கம் ஓர் ஊர்ப்பாதையில் இரண்டு மணி நேரம் தரையைப் பார்த்தபடியே நடந்தேன். சருகு, காய்ந்த புல், மறுபடியும் சருகு. செம்மறை மாடுகளை ஓட்டிக்கொண்டு எதிரே வந்த ஓர் அம்மா நின்றார். "கீழே என்ன கண்ணு தேடுகிறாய்?" என்று கேட்டார். பூ தேடுகிறேன் என்றேன். கையிலிருந்த தடியை உயர்த்தி மேலே காட்டினார். பள்ளத்துப் பக்கம் ஒரு புரசு மரம், ஓர் இலைகூட இல்லாமல், கிளை நுனி வரை செம்மஞ்சளாகப் பூத்து நின்றது.

அன்றைக்கு அந்த மரத்தை என்னால் படமெடுக்க முடியவில்லை. கிளைகள் முப்பது அடிக்கு மேலே. என்னிடமிருந்த 100 மி.மீ. லென்ஸில் பூக்கள் செம்மண் தெளித்த மாதிரி புள்ளிகளாகத்தான் விழுந்தன. ஆனால் எந்த லென்ஸ் வேண்டும் என்ற கேள்விக்கு விடை அந்தத் தடியின் நுனியிலேயே இருந்தது.

## நம் இளவேனில் எங்கே பூக்கிறது

பூப்படம் எடுப்பது பற்றிய பாடங்களில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. அவர்கள் ஊரில் வசந்தம் தரையில்தான் வரும். பனி உருகிய பின், மரங்கள் தளிர்த்து நிழல் கவிவதற்கு முன்பு, சில வாரங்களுக்கு மட்டும் வெயில் காட்டுத் தரையைத் தொடும். அந்த இடைவெளிக்குள் சிறுசெடிகள் அவசர அவசரமாகப் பூத்து முடிக்கும். ஆகவே மண்டியிடு, மேக்ரோ மாட்டு என்று அவர்கள் சொல்வது அவர்கள் காட்டுக்குச் சரி.

கொங்கு நாட்டின் இலையுதிர் காடுகளில் மாசி முதல் சித்திரை வரை தரை வறண்டு கிடக்கும். ஆழ வேரோடிய மரங்கள்தான் அப்போது பூக்கின்றன. இலை இல்லாத கிளையில் பூ தூரத்திலிருந்தே தெரிவதால் பறவைகளும் தேனீக்களும் தேடி வருகின்றன. முள்ளிலவு தடித்த சிவப்பு இதழ்களோடு தை, மாசியிலேயே தொடங்கிவிடும். அடுத்து புரசு. பாறைச் சரிவுகளில் கோங்கு, உள்ளங்கை அகல மஞ்சள் பூ. பங்குனி, சித்திரையில் வெட்பாலையின் வெள்ளைக் கொத்துகள், சித்திரையில் சரக்கொன்றை. வால்பாறைப் பக்கம் வைகாசியில் நரிவால் ஆர்க்கிட் பூக்கும்போதும் அது மரக்கிளையில்தான் தொங்குகிறது.

தரைப்பூ அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். கோடைமழை ஒன்று பெய்துவிட்டால் நிலப்பனை மண்ணை ஒட்டி மஞ்சள் நட்சத்திரமாக எட்டிப் பார்க்கும். ஆவாரை இடுப்பளவில் எப்போதும் இருக்கிறது. ஆனாலும் இளவேனிலில் பத்துப் பூ கண்ணில் பட்டால் ஏழெட்டுப் பூ தலைக்கு மேலேதான் இருக்கும்.

## எதை வைத்து முடிவு செய்வது

விலையை நான் முதலில் பார்ப்பதில்லை. என் அளவுகோல்கள் நான்கு.

முதலாவது எட்டுதல். முப்பது அடி உயரக் கிளைக்கும், மண்ணை ஒட்டிய அரை அங்குலப் பூவுக்கும் அந்தக் கருவி எட்டுமா? இரண்டாவது சுமை, அதாவது படியேறும்போதும் தண்ணீர்ப் பாட்டிலோடு நடக்கும்போதும் அது எவ்வளவு கனக்கும் என்பது. மூன்றாவது செடிக்கு நேரும் சேதம். படத்துக்காகப் பாதையை விட்டு இறங்கி நாலு செடியை மிதிக்க வேண்டியிருந்தால் அந்தக் கருவி அந்த இடத்துக்கு ஆகாது.

நான்காவதை வெளியூர்ப் பாடங்கள் எதிலும் நான் படித்ததில்லை. தலை நிமிர்ந்திருக்கிறதா? நம் காடுகள் யானைக் காடுகள். வெள்ளியங்கிரி அடிவாரம், ஆனைமலை, சத்தியமங்கலம், எல்லாமே. தரையோடு தரையாகப் படுத்து, மூச்சைப் பிடித்து, ஒரு மகரந்தத் தாளைக் கூர்மையாக்கப் பத்து நிமிடம் போராடுகிறவருக்குப் பின்னால் மூங்கில் ஒடியும் சத்தம் காதில் விழாது. நேரம் எவ்வளவு, கவனம் எங்கே என்பது இங்கே உயிர் சம்பந்தப்பட்ட கணக்கு. தனியாகப் போகிறவர் இதை எல்லாவற்றுக்கும் மேலே வைக்க வேண்டும்.

## செல்போன்

பையில் ஏற்கெனவே இருக்கிறது, கூடுதல் சுமை கிடையாது. கேமராவுக்கென்று தனிக் கட்டணம் வாங்கும் நுழைவாயில்களிலும் போனை யாரும் பொருட்படுத்துவதில்லை. பூவோடு இடத்தையும் சேர்த்துக் காட்ட இதைவிட நல்ல கருவி இல்லை. ஆவாரம் புதரும் பின்னால் மலைச்சரிவும் ஒரே சட்டத்தில் விழ வேண்டுமானால் போனின் அகலமான பார்வைதான் வேண்டும்.

வெள்ளியங்கிரி ஏறுகிறவர்களுக்கு நான் போனைத் தவிர வேறு எதையும் சொல்வதில்லை. பிப்ரவரி முதல் மே வரை பக்தர்களுக்காகத் திறக்கும் பாதை அது. ஏழு மலை, செங்குத்தான படிகள், ஒரு கையில் மூங்கில் தடி. பெரும்பாலோர் இரவில் ஏறி விடியலில் உச்சியில் நிற்கிறார்கள். இறங்கும்போது கால் நடுங்கும். அந்த நிலையில் கழுத்தில் ஒன்றரைக் கிலோ தொங்கினால் ஒரு பூவையும் நின்று பார்க்கத் தோன்றாது.

குறைகளும் உண்டு. மேக்ரோ வசதி உள்ள போன்கள் பெரும்பாலும் அகலக்கோண லென்ஸைத்தான் அதற்குப் பயன்படுத்துகின்றன. இரண்டு, மூன்று சென்டிமீட்டர் நெருங்க வேண்டும். போனின் நிழலே பூவின் மேல் விழுந்துவிடும். மலிவான போன்களில் தனியாக இருக்கும் 2 மெகாபிக்சல் மேக்ரோ கேமராவை மறந்துவிடுங்கள். முதன்மைக் கேமராவில் அரை அடி தள்ளி நின்று எடுத்து, பிறகு வெட்டிக்கொள்வது அதைவிடத் தெளிவாக இருக்கும்.

உயரக் கிளைக்குப் போன் எட்டாது. தூரத்தில் உள்ளதை மூன்று மடங்கு, ஐந்து மடங்கு கிட்டே இழுத்துக் காட்டும் டெலி லென்ஸ் உள்ள விலையுயர்ந்த போன்கள் கொஞ்சம் தேவலை. அவற்றிலும் புரசின் செம்மஞ்சள் ஒரே தீற்றலாகப் போய்விடும். சிவப்பு வண்ணம் மட்டும் அளவு மீறி எரிந்து, இதழின் மடிப்பெல்லாம் அழிந்துவிடுவதே காரணம். திரையில் பூவைத் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இறக்கிவிட்டு எடுங்கள். பாதி மடிப்பாவது மீளும்.

## போனில் மாட்டும் கிளிப் லென்ஸ்

சில நூறு ரூபாயில் தொடங்குகிறது, நல்லது சில ஆயிரம். வேலை ஒன்றுதான்: மிகச் சிறிய, அசையாத, தரையோடு இருக்கிற பூ. இளவேனிலில் அது நிலப்பனை போன்ற ஓரிரண்டுக்குத்தான் பயன்படும். படத்தின் ஓரங்கள் மங்கும், நடு மட்டும் கூர்மையாக இருக்கும். காற்றடித்தால் ஒன்றும் செய்ய முடியாது. போன் உறையைக் கழற்றி, கிளிப்பை லென்ஸுக்கு நேராகப் பொருத்துவதற்குள் கூட வந்தவர்கள் வளைவு தாண்டிப் போயிருப்பார்கள். குழந்தைகளுக்கு வாங்கிக் கொடுங்கள். சட்டையில் விழுந்த வேப்பம்பூவை அதில் பார்த்த ஒரு பிள்ளையின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

## மேக்ரோ லென்ஸ்

90 முதல் 105 மி.மீ. வரையிலான மேக்ரோ லென்ஸ் பூவை அதன் அசல் அளவிலேயே உணரியில், அதாவது கேமராவுக்குள் படம் பதியும் சில்லில், பதியவைக்கும். அதாவது 24 மி.மீ. அகலப் பூ, சிறிய உணரி கொண்ட கேமராவில் சட்டம் முழுவதையும் நிறைத்துவிடும். வேறு எதிலும் கிடைக்காத துல்லியம் இது. மகரந்தப் பையின் வெடிப்பு, இதழ் மேலுள்ள ரோமம், பூவுக்குள் நுழையும் எறும்பின் கால் எல்லாம் தெரியும்.

அந்த நெருக்கத்துக்கு விலை உண்டு, கடையில் கொடுக்கும் விலையையும் தாண்டி. முழு நெருக்கத்தில் லென்ஸின் துளையை எஃப் 8 அளவுக்குச் சுருக்கினாலும் கூர்மையாக இருக்கும் ஆழம் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். மூச்சு விட்டால் தப்பிவிடும். லென்ஸ் முழுதாக நீளும்போது வெளிச்சமும் ஏறக்குறைய கால் பங்காகக் குறைகிறது. ஆகவே முக்காலி வேண்டும், அல்லது பிளாஷும் அதன் வெளிச்சத்தை மென்மையாக்க ஒரு வெள்ளைத் துணியும் வேண்டும். பெயர்பெற்ற நிறுவனங்களின் புதிய லென்ஸ் பெரும்பாலும் அரை லட்சத்தைத் தொடும் அல்லது தாண்டும். அதன்மேல் முக்காலி, பிளாஷ். வால்பாறை போன்ற ஈரமான ஊருக்கு அடிக்கடி போகிறவராக இருந்தால் கண்ணாடிக்குள் பூஞ்சை பிடிக்காமலிருக்க ஈரம் உறிஞ்சும் பெட்டி ஒன்றும் தேவை.

முக்காலியின் மூன்று கால்களும் பாதையின் மேலேயே நிற்க இடம் இருக்காது. ஒன்றாவது செடிக்குள் இறங்கும். நான் முக்காலியை விட்டுவிட்டு, ஒரு கிலோ பாசிப்பயறு நிரப்பிய துணிப்பையைத் தரையில் வைத்து அதன்மேல் கேமராவை அழுத்துகிறேன். அது நில மட்டத்துப் பூவுக்கு முக்காலியைவிட நன்றாகப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் தலை நிமிர்ந்திருக்க வேண்டும் என்ற அளவுகோலில் மேக்ரோ தோற்றுப்போகிறது. அதை எடுத்துக்கொண்டு போகும் நாளில் கட்டாயம் இன்னொருவர் கூட வர வேண்டும். அவர் வேலை பூவைப் பார்ப்பதல்ல, காட்டைப் பார்ப்பது.

செலவைக் குறைக்க நீட்டிப்புக் குழாய் வாங்கலாம். கண்ணாடி இல்லாத வெறும் வளையம். கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டினால் லென்ஸ் இன்னும் நெருங்கிக் குவியும். 50 மி.மீ. லென்ஸில் 25 மி.மீ. வளையம் போட்டால் அசல் அளவில் பாதி கூடுதலாகக் கிடைக்கும். மேக்ரோவில் ஆர்வம் நிலைக்கிறதா என்று ஒரு பருவம் பார்க்க இது போதும்.

## டெலி ஜூம், கூட ஒரு குளோசப் கண்ணாடி

நம் இளவேனிலுக்கு என் கை இதற்குத்தான் போகிறது. 55–250 அல்லது 70–300 மி.மீ. ஜூம். பல வீடுகளில் கேமராவோடு சேர்த்து வாங்கிய ஜூம் ஒன்று அலமாரியில் சும்மா கிடக்கிறது. இல்லாவிட்டாலும் பழையதாக வாங்கினால் மேக்ரோவின் விலையில் சிறு பங்குதான். சிறிய ஜூம்கள் அரைக் கிலோவுக்கும் குறைவு.

பாதையில் நின்றபடியே முப்பது அடி உயரக் கிளை எட்டுகிறது. கண் தலை மட்டத்தில் இருக்கிறது, காது திறந்திருக்கிறது. புரசு மரத்தில் தேன்சிட்டும் கரிச்சானும் மைனாவும் அணிலும் வந்து போகும். போனிலும் மேக்ரோவிலும் அந்தக் கூட்டம் கிடைக்காது. டெலியில் பூவும் விருந்தாளியும் ஒரே படத்தில் வரும். பூவுக்குப் பின்னால் தூரத்து மலை இருக்கும்படி ஓர் அடி நகர்ந்தால் போதும், பின்னணி நீலமாகக் கரைந்துவிடும். வெள்ளை வானத்தின் முன் மட்டும் எடுக்காதீர்கள். பூ கறுத்துவிடும், அதை மீட்கப் போனால் வானம் எரிந்துவிடும்.

நெருக்கத்துக்கு வழி இருக்கிறது. லென்ஸின் முன்னால் திருகும் குளோசப் கண்ணாடி, வலிமை 2 டயாப்டர், இரட்டைக் கண்ணாடி வகை. 250 மி.மீ.யில் அதை மாட்டினால் ஏறக்குறைய அரை அளவு நெருக்கம் கிடைக்கும், பூவிலிருந்து அரை மீட்டர் தள்ளி நின்றபடியே. நிழல் விழாது, செடியை மிதிக்கத் தேவையில்லை, பூவில் இருக்கும் தேனீயும் எழும்பாது. ஒற்றைக் கண்ணாடி வகை சில நூறு ரூபாயில் கிடைக்கும்; ஓரங்களில் ஊதா விளிம்பு தெரியும். சில ஆயிரம் கொடுத்து இரட்டையை வாங்குவது நல்லது. வாங்கும் முன் லென்ஸின் முகப்பு விட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்: 58, 67 என்று வளையத்தில் எழுதியிருக்கும்.

இதற்கும் மறைந்த செலவு உண்டு. நீளமான லென்ஸ் கை நடுக்கத்தைப் பெருக்கும். ஷட்டர் வேகம் நொடியில் ஐந்நூறில் ஒரு பங்குக்குக் கீழே போகாமல் பார்க்க வேண்டும். சித்திரை முடியும்போது பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஏறத் தொடங்கிவிடும். கோவைப் பக்கத்துச் சரிவுகளில் அப்போது கிளைகள் நிற்கவே நிற்காது. ஆகவே காலை எட்டு மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். வெயிலும் அதற்குள்தான் மென்மையாக இருக்கும்.

| | செல்போன் | கிளிப் லென்ஸ் | மேக்ரோ | டெலி + குளோசப் |
|---|---|---|---|---|
| கிளைப் பூ (புரசு, கோங்கு, கொன்றை) | எட்டாது | உதவாது | அரைகுறை | மிக நன்று |
| இடுப்பளவுப் புதர்ப் பூ (ஆவாரை) | நன்று | வேண்டாம் | நன்று | மிக நன்று |
| அரை அங்குலத் தரைப்பூ | சுமார் | சுமார் | மிக நன்று | நன்று |
| தலை நிமிர்ந்திருக்குமா | ஆம் | இல்லை | இல்லை | ஆம் |
| பாதையை விட்டு இறங்காமல் முடியுமா | பெரும்பாலும் | அரிது | அரிது | ஆம் |

## போகும் இடம் முடிவை மாற்றும்

தீக்காலமான பிப்ரவரி, மார்ச்சில் வனத்துறையின் மலையேற்றப் பாதைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணிக் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து போனவர்களும் அந்த மலையில் இருந்தார்கள். புரசு பூப்பதும் காடு பற்றுவதும் ஒரே மாதங்களில். மூடிய பாதையில் குறுக்கே நுழைந்து எடுத்த படம் எதுவும் எனக்கு வேண்டாம்.

அப்படியானால் எங்கே? கோயில் படிகள் இருக்கின்றன. சென்னிமலையின் 1320 படிகளும் புதர்க்காட்டுக்கு நடுவே ஏறுகின்றன. யாரையும் கேட்க வேண்டாம், ஆள் நடமாட்டமும் உண்டு. அங்கே போனும் டெலியும் போதும். கொல்லிமலைக்கும் ஏற்காட்டுக்கும் ஏறும்போது காட்சிமுனைகளில் நின்று சரிவைப் பார்த்தால் பூத்த மரங்கள் கண் மட்டத்துக்குக் கீழே வரும். டெலிக்கு அதைவிட நல்ல கோணம் இல்லை. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் நாற்பது வளைவுகளிலும் காட்சிமுனைகளில் மட்டும் நிறுத்துங்கள். திம்பம் சாலையின் இருபத்தேழு வளைவுகள் புலிகள் காப்பகத்துக்குள் போகின்றன. அங்கே வண்டியை விட்டு இறங்கவே கூடாது. பஸ் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து கண்ணால் பார்த்துக்கொள்ளலாம்.

சத்தியமங்கலம் பக்கம் கொத்துக் கொத்தாக மஞ்சள் பூத்த மரத்தைப் பார்த்தவுடன் கொன்றை என்று எண்ணிவிடாதீர்கள். சென்னா ஸ்பெக்டாபிலிஸ் என்ற அந்நிய மரமாக இருக்கலாம். காட்டுத் தாவரங்களை நெருக்கி அழிப்பதால் அதை வெட்டிக் கரூர் காகித ஆலைக்குக் கூழாக்க அனுப்புகிறார்கள். சரக்கொன்றையின் கொத்து கீழ்நோக்கித் தொங்கும், இதன் கொத்து மேல்நோக்கி நிற்கும். டெலி வழியாகப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

எந்தக் கருவியும் வாங்காதவருக்கு ஒன்று. பர்கூர்ப் பாதையில் அன்று மரத்தை எடுக்க முடியாத நான், கடைசியில் அடியில் உதிர்ந்து கிடந்த ஒரு புரசம்பூவைக் கையில் எடுத்தேன். புல்லிவட்டம் கறுப்புக் கலந்த பழுப்பு, தடவினால் வெல்வெட். அதிலிருந்து கிளி மூக்கு மாதிரி வளைந்து இறங்கும் செம்மஞ்சள் இதழ், வெளிப்புறம் முழுக்க வெள்ளிப் பட்டு ரோமம். அலகு பட்ட கிழிசல் ஒன்று, அதன் அடியில் இரண்டு எறும்பு. அதைச் சருகின் மேல் திரும்ப வைத்து, என் நிழல் படாமல் குனிந்து, போனில் எடுத்தேன். உதிர்ந்த பூ எந்த லென்ஸுக்கும் எட்டும். கிளையில் இருப்பதைப் பறிக்காதீர்கள். சரணாலயத்துக்குள் அது குற்றமும்கூட.

மேக்ரோவுக்கென்று பணத்தை எடுத்து வைத்துவிட்டவர்கள் ஐப்பசி வரை பொறுத்திருங்கள். மழை இறங்கியதும் காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகளில், அதாவது வேலியிட்ட மேய்ச்சல் நிலங்களில், கிளுவை வேலிக்கு உள்ளே தரை பூக்கத் தொடங்கும். விஷ்ணுகிரந்தி சட்டைப் பொத்தானைவிடச் சிறியது, நீலம். ஓரிதழ்த்தாமரைக்கு ஒரே ஓர் அகன்ற இதழ், இளஞ்சிவப்பு. தும்பை, நெருஞ்சி, மார்கழி வாக்கில் காப்புக்கட்டும் பூளை. அங்கே யானை இல்லை, மரம் மறைக்காது, வயிற்றில் படுக்கலாம். தோட்டத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, விடிந்து பனி காய்வதற்குள் போய்விடுங்கள். உச்சி தாண்டினால் விஷ்ணுகிரந்தி சுருங்கிவிடும்.